லோடு வண்டியில் ஆள் ஏத்தலாமா?

நம்மூர்ல கல்யாணத்துக்கு, கோயிலுக்குன்னு லோடு வண்டியில ஆளுங்களை அள்ளிப் போட்டுக்கிட்டுப் போவாங்களே, அதைப் பார்த்தாலே வயித்துல புளியைக் கரைக்கும். அமெரிக்காவோட ஸ்பேஸ் ஷட்டில் பத்திப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த ஞாபகம்தான் வருது.

2006 செப்டம்பர் 9. அட்லாண்டிஸ் ஆறு பேரோட கிளம்புது. சரக்கறையில பி3/பி4 என்ற உத்தரம், சூரியத் தகடுகளோட சேர்த்து சுமார் 16 டன். 2003 பிப்ரவரி 1ல கொலம்பியா உடைஞ்சு கல்பனா சாவ்லா உட்பட ஏழு பேர் போனதும், விண்வெளி நிலையத்தோட கட்டுமானம் அப்படியே நின்னு போயிருந்தது. மறுபடி தொடங்கினது இந்தப் பயணத்துலதான்.

போன ஆறு பேரும் சும்மா போகலை. இயந்திரக் கையால உத்தரத்தைத் தூக்கி நிலையத்தோட கைக்கு மாத்தினாங்க. மூணு முறை வெளியே நடந்து கேபிள் மாட்டி, பூட்டுகளை விடுவிச்சாங்க. ஒரு போல்ட் அடம் பிடிக்க, ரெண்டு பேர் சேர்ந்து முக்கித்தான் கழட்டினாங்க. கடைசியில தகடுகள் விரிஞ்சப்போ முனைக்கு முனை 73 மீட்டர்! அந்த வேலைக்கு மனுஷன் வேணும், அதுல எனக்குச் சந்தேகமே இல்லை.

என் கேள்வி வேற. போல்ட் முடுக்க ஆள் வேணும் சரி, உத்தரத்தைச் சுமக்க எதுக்கு ஆள்? 1986ல சேலஞ்சர் ஒரு செயற்கைக்கோளை ஏத்திக்கிட்டுப் போச்சு. கூடவே ஏழு உயிர். ஆளில்லா ராக்கெட்டே செய்யக்கூடிய வேலை அது. அந்த வண்டியில தப்பிச்சு வெளியேற வழியும் இல்லை.

"உத்தரத்துக்குச் சொந்தமா எஞ்சின் கிடையாதே, எப்படிப் போய்ச் சேரும்?"னு கேப்பீங்க. நியாயம்தான். ஆனா ரஷ்யாக்காரங்க 2001லயே பிர்ஸ் பகுதியை, ஆளில்லாத புரோக்ரஸ் கலத்தோட எஞ்சினை வச்சே நிலையத்துல கொண்டு போய்ச் சேர்த்தாங்க. பிர்ஸ் சின்னதுதான், 16 டன் இல்லை. ஆனா வழி இருந்தது. ஷட்டிலை நம்பியே எல்லாத்தையும் வடிவமைச்சதால அந்தப் பக்கம் யாரும் போகலை.

ஷட்டில் 2011ல ஓய்வு பெற்றது. 2021ல புது சூரியத் தகடுகள் ஆளில்லாத சரக்கு டிராகன்ல போச்சு. ஏற்கெனவே நிலையத்துல இருந்தவங்க வெளியே வந்து மாட்டினாங்க. சுமை தனி, ஆள் தனி. இந்தப் பாடத்தைப் படிக்க பதினாலு உயிர் கொடுக்க வேண்டியிருந்ததுங்கறதுதான் மனசைப் பிசையுது.

நீங்க என்ன நினைக்கிறீங்க மக்களே?