ஒரே பெயர்! இரண்டு கட்டடங்கள்!



மொராக்கோவின் மிகப் பெரிய நகரம் காசாபிளாங்கா. அரபியில் அத்தாருல் பைளா. வெள்ளை வீடு என்று பொருள். முப்பது லட்சத்துக்கும் அதிகமான மக்கள் வாழும் அந்த நகரம் நீண்ட காலமாக ஒரு கனவைச் சுமந்து வருகிறது. உலகக் கோப்பைக் கால்பந்து தன் மண்ணில் நடக்க வேண்டும். அதுவும் இறுதி ஆட்டமே நடக்க வேண்டும் என்பதுதான் அந்தக் கனவு!

இதை ஏளனம் செய்ய நமக்கு மனம் வரவில்லை. காரணம் இருக்கிறது.

1994, 1998, 2006, 2010, 2026 என ஐந்து முறை மொராக்கோ கேட்டது. ஐந்து முறையும் கதவு சாத்தப்பட்டது. 2010 போட்டிக்கான வாக்கெடுப்பில் தென்னாப்பிரிக்காவுக்கு 14, மொராக்கோவுக்கு 10. 2026 போட்டிக்கு 2018-ல் வாக்கெடுப்பு நடந்தபோது அமெரிக்கக் கூட்டணிக்கு 134, மொராக்கோவுக்கு 65. பணமுள்ளவனுக்கே பந்தி என்ற நிலை! 2022-ல் கத்தாரில் மொராக்கோ அணி அரையிறுதி வரை சென்றது. ஆப்பிரிக்க நாடுகளிலும் அரபு நாடுகளிலும் அதற்கு முன் எவரும் அந்த இடத்தைத் தொட்டதில்லை. கடைசியில் 2024 டிசம்பர் 11 அன்று, ஸ்பெயின், போர்ச்சுகல் நாடுகளோடு சேர்ந்து 2030 போட்டியை நடத்தும் உரிமை கிடைத்தது. காசாபிளாங்கா மகிழ்ந்ததில் என்ன தவறு?

மகிழ்ச்சி நியாயமானதே. கணக்கு நியாயமானதா? அதைத்தான் நாம் பார்க்க வேண்டும்.

நகரிலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில், பின் சுலைமான் பகுதியில், 1,15,000 பேர் அமரும் மைதானம் திட்டமிடப்பட்டது. மதிப்பீடு 500 கோடி திர்ஹம். முந்தைய மன்னர் இரண்டாம் ஹஸனின் பெயர் அதற்குச் சூட்டப்பட்டது. அதே மன்னரின் பெயரில் அகாதிர் நகரில் ஓர் அரசு மருத்துவமனையும் இருக்கிறது. 2025-ல் அங்கே பிரசவத்துக்குச் சென்ற எட்டுப் பெண்கள், அறுவை சிகிச்சைக்குப் பின் அடுத்தடுத்து மரணமடைந்தார்கள்!

ஒரே பெயர்! இரண்டு கட்டடங்கள்! ஒன்றுக்குக் கோடிகள் கொட்டப்படுகின்றன. மற்றொன்றில் தாய்மார்கள் மடிகிறார்கள்!

இளைஞர்கள் கொதித்தெழுந்தார்கள். 2025 செப்டம்பர் 27 முதல் காசாபிளாங்கா உட்படப் பல நகரங்களில் வீதிக்கு வந்தார்கள். "மைதானங்கள் இருக்கின்றன, மருத்துவமனைகள் எங்கே?" என்பதே அவர்களின் முழக்கம். அகாதிர் அருகே துப்பாக்கிச் சூட்டில் மூன்று உயிர்கள் போயின. அதன் பிறகு அக்டோபரில் அரசு அறிவித்தது: 2026 பட்ஜெட்டில் சுகாதாரத்துக்கும் கல்விக்கும் 14,000 கோடி திர்ஹம்!

சிந்தியுங்கள்! இல்லாத பணம் திடீரென்று வானத்திலிருந்தா விழுந்தது? மனமிருந்தால் பணமும் கிடைக்கிறது. அந்த மனம் வருவதற்குப் பிள்ளைகள் வீதியில் சாக வேண்டுமா?

"சுற்றுலா வளரும், வேலை கிடைக்கும், ரயில் வரும்" என்கிறார்கள். ரயில் வருவது உண்மை. கெனிட்ராவிலிருந்து காசாபிளாங்கா வழியாக மர்ராகேஷ் வரை அதிவேகப் பாதைக்கு 2025 ஏப்ரலில் பணி தொடங்கப்பட்டது. ஆட்டம் முடிந்த பிறகும் மக்கள் அதில் பயணம் செய்வார்கள். அதை வரவேற்போம். ஆனால் மைதானம்? பிரேசிலில் அமேசான் காட்டு நகரமான மனாவுஸில் பெரிய மைதானம் கட்டினார்கள். 2014 உலகக் கோப்பையில் அங்கே நடந்தவை நான்கே ஆட்டங்கள்! அப்புறம் அதை நிரப்ப அந்த ஊரில் முதல் தரக் கிளப் ஒன்றுகூட இல்லை.

ஒளிபரப்பு உரிமையும் விளம்பர உரிமையும் ஃபிஃபாவுக்கு. வரிவிலக்கும் அதற்கே. பாதுகாப்புச் செலவும் பராமரிப்புச் செலவும் நடத்துகிற ஊருக்கு! இதைக் கணக்குப் பார்த்த சிகாகோ நகரம், வரி செலுத்தும் மக்கள் தலையில் எவ்வளவு சுமை விழும் என்று தெரியவில்லை எனக் கூறி 2018-லேயே 2026 போட்டியிலிருந்து விலகிக்கொண்டது. செல்வச் செழிப்புள்ள ஊரே தயங்கும்போது, குடிசைப் பகுதிகளை அகற்ற 2004-லிருந்து திட்டம் போட்டுப் பாடுபடும் நாடு எவ்வளவு கவனமாக இருக்க வேண்டும்!

பந்தாட்டத்தை நாம் எதிர்க்கவில்லை. உடலுக்கு வலு சேர்க்கும் விளையாட்டை யார் வெறுப்பார்? நாம் கேட்பவை மூன்றே. செலவுக் கணக்கை மக்கள் முன் வையுங்கள். மைதானத்துக்குக் கெடு வைத்ததைப் போல மருத்துவமனைக்கும் கெடு வையுங்கள். போட்டி முடிந்தபின் அந்தப் புல்தரையைச் சேரிப் பிள்ளைகளுக்கும் திறந்து விடுங்கள்.

பொதுப்பணம் அமானிதம். விருந்தாளிக்குப் பந்தல் போடுவது நல்ல பண்புதான். வீட்டில் தாய் உயிருக்குப் போராடும்போது முதல் காசு எதற்குப் போக வேண்டும்? உங்கள் ஊரில் இத்தகைய விழா அறிவிக்கப்படும்போதும் சகோதரர்களே, கைதட்டுவதற்கு முன் இந்தக் கேள்வியைக் கேளுங்கள்!