பார்த்து வந்தது நகரத்தையா, கடைத்தெருவையா?

திற்பரப்பு அருவிக்கு நாள்தோறும் வண்டி வண்டியாக மக்கள் வருகின்றனர். எண்ணெய் தேய்த்துக் குளிக்கின்றனர். படம் எடுத்துக்கொண்டு திரும்புகின்றனர். தலைமேல் விழுவது கோதையாற்று நீர் என்பதையோ, அருவிக்கு மேலுள்ள தடுப்பணையால் வயல்கள் விளைகின்றன என்பதையோ கேட்டறிவோர் மிகச் சிலரே. இதைக் கண்டு நாம் நகைப்பதுண்டு. ஆனால், நம்மவர் சிங்கப்பூர் சென்றால் செய்வதும் இதுதானே!

அண்மையில் அங்குச் சென்று திரும்பிய அன்பர் ஒருவர் நம் மக்கள் கூடிய அவையில் ஒரு மணி நேரம் பேசினார். வானளாவும் விடுதிகள், தங்கத்தின் விலை, குப்பை போட்டால் அபராதம் என எல்லாம் வந்தன. அருவிக்கரையில் பிறந்த அவர், சாங்கி விமான நிலையத்தில் 2019-இல் திறக்கப்பட்ட 40 மீட்டர் செயற்கை அருவியை வியந்து தீரவில்லை. முடிவில், "நம்மவர்க்கு இதெல்லாம் எங்கே வரும்!" என்று பெருமூச்செறிந்தார். முன்வரிசைச் சிறுவர்கள் அந்தப் பெருமூச்சைத்தான் வீட்டுக்கு எடுத்துச் சென்றனர். நம் வழக்கு அந்தப் பெருமூச்சின் மீதே.

நாமும் அந்நகரின் தெருக்களில் நடந்திருக்கிறோம். சவுத் பிரிட்ஜ் சாலையில் ஜாமிஆ சூலியா பள்ளிவாசல் நிற்கிறது. ஆங்கிலேயர் அங்கே வணிகத்தலம் அமைத்தது 1819-இல். ஏழே ஆண்டுகளில், 1826-இல், சோழமண்டலக் கரையிலிருந்து சென்ற தமிழ் முஸ்லிம்கள் இப்பள்ளியை நிறுவிவிட்டனர். அங்கிருந்து சிறிது தொலைவில் தெலுக் ஆயர் தெரு. 1827-இல் சிறு குடிலாகத் தொடங்கிக் குச்சுப் பள்ளி எனப் பெயர்பெற்ற அல்-அப்ரார் பள்ளிவாசலும், 1828-க்கும் 1830-க்கும் இடையே எழுந்த நாகூர் தர்காவும் அத்தெருவில் உள்ளன. இன்று கடல் எங்கோ விலகிக் கிடக்கிறது. அன்று அத்தெருவே கடற்கரை. கப்பலிறங்கியவர் கண்ணில் முதலில் பட்டவை இவை. இம்மூன்றையும் அந்நாட்டு அரசு 1974-இல் தேசிய நினைவுச் சின்னங்களாக அறிவித்தது. அயல்நாடு போற்றும் நம் முன்னோர் சுவட்டுக்கு நம் அன்பரின் ஒரு மணி நேரத்தில் ஒரு நிமிடமும் கிடைக்கவில்லை.

கட்டடம் மட்டுமா? நாகூர் முகம்மது அப்துல் காதிர் புலவரின் 'முனாஜாத்துத் திரட்டு' 1872-இல் அந்நகரில் அச்சேறியது. மகுதூம் சாயபு 1887-இல் அங்கே 'சிங்கை நேசன்' வார இதழைத் தொடங்கினார். கடல் கடந்து பிழைக்கச் சென்ற இடத்தில் பள்ளியும் எழுப்பி, ஏடும் நடத்தியவர்களின் பேரர்களிடமா "எங்கே வரும்" என்று கேட்பது?

"பொழுதுபோக்கச் சென்றவனுக்கு வரலாறு எதற்கு?" என்று சிலர் வினவலாம். பொருள் வாங்குவதை நாம் குறை கூறவில்லை. நம் முன்னோரும் வணிகராகவே சென்றனர். ஆயினும், பூமியில் பயணம் செய்து முன் சென்றோரின் நிலையை நோக்குமாறு திருமறை பலமுறை பணிக்கிறது. பதினான்காம் நூற்றாண்டில் சுமத்ராவுக்குச் சென்ற இப்னு பதூதா அந்நாட்டு விளைபொருள்களையும் குறித்தார். அதனோடு நிற்காமல், அங்கிருந்த சுல்தான் ஷாஃபிஈ மத்ஹபைப் பின்பற்றியதையும், மார்க்க அறிஞரோடு உரையாடி மகிழ்ந்ததையும் எழுதிவைத்தார். ஏறத்தாழ 700 ஆண்டுகளுக்குப் பின்னும் நாம் அவரைப் படிப்பது அதனால்தான். விலைப்பட்டியல் மட்டும் எழுதியிருந்தால் யார் சீந்துவார்?

ஆகவே, இனிச் செல்லவிருக்கும் அன்பர்களே! புறப்படுமுன் வீட்டு முதியோரிடம் உட்கார்ந்து கேளுங்கள்: நம் குடும்பத்தில் கடல் கடந்தவர் யார், எந்தத் தெருவில் கடை வைத்தார், எங்கே அடங்கியிருக்கிறார்? சென்றதும் அத்தெருவில் ஒருமுறை நடந்து, அப்பள்ளியில் இரண்டு ரக்அத் தொழுது, கண்டதை எழுதிக்கொண்டு வாருங்கள். வாங்கிவந்த அத்தர் பெருநாளுக்குள் தீர்ந்துவிடும். எழுதிவந்த தாள் உங்கள் பேரப்பிள்ளைகளைத் தலைநிமிர்ந்து நடக்கச் செய்யும்.