மார்க் போட்ட பாட்டிலும் மோட்டார் ரூம் திண்ணையும்

போன வாரம் தங்கச்சி மகன் பெங்களூரிலிருந்து வந்திருந்தான். ராத்திரி எல்லாரும் படுத்த பிறகு, "மாமா, தோட்டத்துப் பக்கம் போயிட்டு வரலாமா?"ன்னு கேட்டான். இவன் இப்படிக் கேட்டா பையில ஏதோ இருக்குன்னு அர்த்தம். மோட்டார் ரூம் திண்ணையில உக்காந்ததும் துண்டுல சுத்தி வெச்சிருந்த ஒயின் பாட்டில் ஒண்ணை வெளியே எடுத்தான். கழுத்துல வட்டமா தங்கக் கலர் ஸ்டிக்கர், அதுல 91-ன்னு போட்டிருந்தது.

"நூத்துக்கு 91 மாமா. வெளிநாட்டு நிபுணர் போட்ட மார்க்."

பிளஸ் டூ ரிசல்ட் சொல்ற மாதிரி அவ்வளவு பெருமையா சொன்னான். எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. திராட்சைக் கொடிக்குக் கீழேயே முப்பது வருசமா நிக்கிறவன் நான். திராட்சைக்கு மார்க் போடலாம்னு சொன்னா எனக்குள்ள ஒரு கேள்வி வரத்தான் செய்யும். அன்னைக்கு அவன்கிட்ட பேசினதைத்தான் கொஞ்சம் விரிவா இங்க எழுதுறேன்.

முதல்லயே ஒண்ணு சொல்லிடுறேன். குடிக்கச் சொல்லி நான் எழுதல. குடியால போன குடும்பங்களை நம்ம ஊர்லயே எண்ணிச் சொல்ல முடியும். நானும் வருசத்துக்கு ரெண்டு மூணு தடவைக்கு மேல தொட்டதில்ல. ஆனா திராட்சையைப் பத்தின பேச்சுன்னா என்னால சும்மா இருக்க முடியாது.

இந்த நூறு மார்க் முறையை உலகம் பூரா கொண்டு போனவர் ராபர்ட் பார்க்கர். அமெரிக்காவில் மேரிலாந்து மாநிலத்துக்காரர், படிச்சது வக்கீலுக்கு. 1978-ல் 'த ஒயின் அட்வகேட்'னு ஒரு பத்திரிகை ஆரம்பிச்சார். அமெரிக்கப் பள்ளிக்கூடத்து மார்க் மாதிரி 50-லிருந்து 100 வரைக்கும் ஒயினுக்கு மார்க் போட்டார். அதுக்கு முன்னாடி ஒயினைப் பத்தி எழுதினவங்க பெரும்பாலும் பெரிய வீட்டுப் பாஷையில எழுதுவாங்க. சாதாரண ஆளுக்கு அது புரியாது. இவர் ஒரே எண்ணுல சொல்லிட்டார். வாங்குறவனுக்கு வேலை சுலபமாச்சு. விக்கிறவனுக்கு அதைவிட சுலபம். 90-ஐத் தாண்டினா கடையில சரக்கு தங்காது. பிரான்ஸ்ல போர்தோ பக்கம் இவர் என்ன மார்க் போடுறார்னு பார்த்துட்டு விலை வைக்கிற அளவுக்கு வந்துடுச்சு.

அந்த மார்க்கை எப்படிப் போடுறாங்கன்னு தெரிஞ்சுக்கிட்டா அதுமேல இருக்கிற மரியாதை கொஞ்சம் குறையும். போட்டிகளில் ஒரு நடுவர் முன்னால வரிசையா இருபது முப்பது கிளாஸ் வைப்பாங்க. ஒவ்வொண்ணையும் வெளிச்சத்துல பார்க்கணும், மோந்து பார்க்கணும், ஒரு வாய் வெச்சு சுழட்டிட்டுப் பக்கத்துல இருக்கிற பாத்திரத்துல துப்பணும். மார்க்கை எழுதிட்டு அடுத்த கிளாஸுக்குப் போயிடணும். அந்த வரிசை முடிஞ்சா அடுத்த வரிசை வரும். பெரிய போட்டின்னா ஒரே நாள்ல நூறு வரைக்கும் போறவங்க இருக்காங்க. ஒரு கிளாஸுக்கு ஒரு நிமிசமோ ரெண்டு நிமிசமோதான் கிடைக்கும்.

இளம் வாழைக்காயைக் கடிச்சிருக்கீங்களா? நாக்கு கட்டிக்கிட்டு வாய் முழுக்க ஒரு வறட்சி வரும். சிவப்பு ஒயின்லயும் அந்தத் துவர்ப்பு உண்டு. திராட்சைத் தோல்லயும் விதையிலயும் இருந்து வர்றது. எச்சிலில் இருக்கிற வழவழப்பை அது பிடிச்சு இழுத்துடும். ஒரு கிளாஸ்ல அது ருசி. ஒண்ணு மேல ஒண்ணா இருபது கிளாஸ் போனா வாய் மரத்துப் போகும். அதுக்கப்புறம் நல்லா பழுத்து, இனிப்பு தூக்கலா, மரப்பீப்பாய் வாசனை அடிக்கிற ஒயின்தான் "நான் இருக்கேன்"னு கத்தும். மெதுவா பேசுற ஒயின் அந்தக் கூட்டத்துல காணாமப் போயிடும். கல்யாண மண்டபத்துல மைக் வெச்சவன் பேச்சுதானே காதுல விழும்?

இதை நானா கற்பனை பண்ணிச் சொல்லல. கலிபோர்னியாவில் ராபர்ட் ஹாட்ஜ்சன்னு ஒரு ஓய்வுபெற்ற பேராசிரியர். புள்ளியியல் தெரிஞ்சவர், சொந்தமா ஒரு சின்ன ஒயின் ஆலையும் வெச்சிருந்தார். அவரோட ஒயின் ஒரு போட்டியில தங்கம் வாங்கும், இன்னொரு போட்டியில ஒண்ணுமே இல்லாம திரும்பி வரும். ஏன் இப்படின்னு அவருக்குப் புரியல. விவசாயி மூளையாச்சே, சோதிச்சுப் பார்த்துடலாம்னு இறங்கிட்டார். 2005-லிருந்து கலிபோர்னியா மாநிலக் கண்காட்சிப் போட்டியில, நடுவர்களுக்குத் தெரியாம, ஒரே பாட்டில்ல இருந்து ஊத்தின ஒயினை ஒரே வரிசையில மூணு இடத்துல வெச்சார். ஒரே ஒயினுக்கு ஒரே மாதிரி மார்க்தானே வரணும்? அப்படிப் போட்டவங்க பத்துல ஒருத்தர்தான். இன்னொரு பத்துல ஒருத்தர் அதே ஒயினுக்கு ஒருமுறை வெண்கலமும் இன்னொருமுறை தங்கமும் குடுத்திருக்காங்க. இது 2008-ல் ஆய்விதழ்ல வந்தது.

அடுத்து பல போட்டி முடிவுகளைச் சேர்த்து வெச்சுக் கணக்குப் போட்டார். மூணுக்கு மேற்பட்ட போட்டிகளுக்குப் போன ஒயின்கள் 2,440. அதுல ஏதாவது ஒரு இடத்துல தங்கம் வாங்கினது 47 சதவீதம். அப்படித் தங்கம் வாங்கினதுலயும் 84 சதவீதம் வேற ஒரு போட்டியில எந்தப் பரிசும் இல்லாம வந்திருக்கு.

அந்த நடுவர்கள் ஏமாத்துக்காரங்கன்னு நான் சொல்லல. முறையா படிச்சவங்க, அனுபவசாலிங்க. மனுச வாய்க்கு முடியாத வேலையை அதுகிட்ட கேட்டா அதுவும் என்ன செய்யும், பாவம்?

மார்க் பாட்டிலோட நின்னுபோனா எனக்குக் கவலை இல்ல. அது தோட்டத்துக்குள்ள வந்துடுது, எனக்கு உறைக்கிற இடம் அதுதான். கனமான ஒயினுக்குத்தான் மார்க் வருதுன்னு தெரிஞ்சதும் பல நாட்டுல பழத்தைக் கொடியிலேயே இன்னும் கொஞ்ச நாள் விட்டு, நல்லா பழுக்க வெச்சு அறுக்க ஆரம்பிச்சாங்க. சர்க்கரை கூடும், ஆல்கஹாலும் கூடும். எங்கயோ உக்காந்து ஒருத்தர் துப்புற ஒரு வாய்க்காக அறுப்புத் தேதி மாறுது. 2003-ல் ஐரோப்பாவில் கடும் வெயில். அந்த வருசத்து ஷாத்தோ பவீன்னு ஒரு போர்தோ ஒயினை பார்க்கர் தூக்கி வெச்சுப் பாராட்டினார். இங்கிலாந்துல ஜான்சிஸ் ராபின்சன் அதே ஒயினுக்கு 20-க்கு 12 போட்டார். உலகத்துலயே பேர் பெற்ற ரெண்டு நாக்கு, ஒரே ஒயின்! அந்தச் சண்டை ஊர் பூரா நாறுச்சு. அவங்களுக்குள்ள இருந்தது ருசி வேறுபாடு. அதை மார்க்குன்னு எழுதினதும் அளந்து பார்த்த உண்மை மாதிரி ஆயிடுச்சு.

இங்க நம்ம கம்பம் பள்ளத்தாக்குக் கதை மட்டும் என்ன? பன்னீர் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைச்சது. சந்தோசம். ஆனா வியாபாரி பந்தலுக்குள்ள வந்தா என்ன பண்றார்? அண்ணாந்து பார்த்துக்கிட்டே ஒரு நடை நடப்பார். ஒரு பழத்தைப் பிச்சு வாயில போட்டு விதையைத் துப்புவார். "ரேட்டு இதுதாண்ணே"ம்பார். கவாத்து பண்ணின நாள்ல இருந்து நாலு மாசம் பனிக்கும் மழைக்கும் பயந்து பயந்து காப்பாத்தினதுக்கு அரை நிமிசத்துல தீர்ப்பு வந்துடும். அதுலயும் நாக்கைவிடக் கண்ணுதான் பெரிய நடுவர். கொத்து முழுக்க ஒரே கருப்பா இருக்கணும். அதனால கலருக்கு மருந்து அடிக்கிறாங்க. வாசனை ஏறுறதுக்கு முன்னாடியே கலர் ஏறிடுது, உடனே வெட்டிடுறாங்க. நானும் ரெண்டு போகம் அப்படிப் பண்ணியிருக்கேன், மறைக்கல. கடன்காரன் வாசல்ல நிக்கும்போது வாசனைக்காகப் பத்து நாள் காத்திருக்க முடியல. அந்த ரெண்டு போகத்துலயும் என் வீட்டுப் பிள்ளைகள் பழத்தைத் தின்னுட்டு ஒண்ணுமே சொல்லல. வழக்கமா கேட்கிற "இன்னொரு கொத்து"ங்கிற வார்த்தை வரல. எனக்குக் கிடைச்ச மார்க் அதுதான்.

மறுபக்கமும் சொல்லணும், இல்லேன்னா நியாயமா இருக்காது. மார்க் போடுறது சின்ன ஆளுக்குக் கதவைத் திறந்தும் விட்டிருக்கு. 1976 மே 24-ஆம் தேதி பாரிஸ்ல ஸ்டீவன் ஸ்பரியர்னு ஒரு ஆங்கிலேய ஒயின் வியாபாரி, லேபிலை மறைச்சு ஒரு சோதனை நடத்தினார். பிரெஞ்சு நடுவர்கள் ஒன்பது பேர். வெள்ளை ஒயின்ல கலிபோர்னியாவின் ஷாத்தோ மான்ட்டலேனா முதலிடம். சிவப்புல கலிபோர்னியாவின் ஸ்டாக்ஸ் லீப் முதலிடம். ரெண்டுமே 1973 அறுப்பு. அந்த ஒருநாள் இல்லேன்னா பிரெஞ்சுப் பேர் இல்லாத ஒயினை உலகம் திரும்பிப் பார்க்க இன்னும் எத்தனையோ வருசம் ஆகியிருக்கும். பேரை மறைச்சு ருசி பார்க்கிறதுல ஒரு சமத்துவம் இருக்கத்தான் செய்யுது. புளிச்சுப் போனது, கார்க் நாத்தம் அடிக்கிறது, கெட்டுப் போனது, இதையெல்லாம் ஒதுக்கவும் வரிசையா வெச்சுப் பார்க்கிற முறை உதவும். ஆனா அந்த பாரிஸ் சோதனையிலயே சிவப்புல முதலுக்கும் ரெண்டாவதுக்கும் நடுவுல 20-க்கு அரை மார்க் வித்தியாசம் கூட இல்ல. நல்லது கெட்டது பிரிக்க மார்க் சரி. ரெண்டு நல்லதுல 91 ஒசத்தியா 92 ஒசத்தியான்னு கேட்டா அது வீண் பேச்சு.

சில வருசம் முன்னாடி ஒரு பிப்ரவரியில நாசிக் பக்கம் திராட்சைத் தோட்டம் பார்க்க ஒரு குழுவோட போயிருந்தேன். பகல்ல ஒரு ஆலையில எங்களுக்கு ருசி பார்க்கக் குடுத்தாங்க. அரை மணி நேரத்துல ஆறு கிளாஸ். கையில ஒரு தாள், அதுல மார்க் போடணும். நானும் 6, 7, 8-ன்னு எழுதினேன். வெளியே வந்ததும் எது எப்படி இருந்துச்சுன்னு கேட்டாங்க, ஒண்ணுமே ஞாபகம் இல்ல. அன்னைக்கு ராத்திரி திண்டோரி பக்கம் ஒரு விவசாயி வீட்டுல தங்கினோம். ஆலைக்கு ஷிராஸ் திராட்சை போடுறவர். அவர் பழத்துல செஞ்ச பாட்டில் ஒண்ணு வீட்டுல இருந்தது. சோள பாக்ரி, கடலைமாவுல செஞ்ச பிட்லா, பச்சை மிளகாய்த் துவையல். ஆளுக்கு ஒரு ஸ்டீல் டம்ளர்ல பாதி ஊத்தினார். என் ஹிந்தி அரைகுறை, அவர் ஹிந்தியிலயும் பாதி மராட்டி. ஆலங்கட்டி மழையில ஒரு வருச மகசூல் போன கதையைச் சொன்னார். நான் வடகிழக்குப் பருவமழையில கொத்து வெடிக்கிறதைச் சொன்னேன். முதல்ல கடுப்பா இருந்த அந்த ஒயின் ஒரு மணி நேரம் கழிச்சு வேற மாதிரி ஆயிருந்தது. காத்துப் பட்டதா, மிளகாய் காரமா, பேச்சா, எதுன்னு பிரிச்சுச் சொல்லத் தெரியல. இன்னைக்கும் அந்த ருசி நாக்குல இருக்கு. அதுக்கு நான் மார்க் போடவே இல்ல.

நம்ம ஊர்ல இன்னொரு வகை இருக்கு. குவார்ட்டரைத் தண்ணியோட கலந்து ரெண்டே மடக்குல முடிச்சுட்டு மூக்கைச் சுளிச்சுக்கிட்டு ஊறுகாயை நக்குறது. அதுல ருசிக்கு வேலையே கிடையாது. அவசரமா மார்க் போடுறவரும் அவசரமா கவுத்துறவரும் ஒரு விசயத்துல அண்ணன் தம்பிதான். ரெண்டு பேருக்கும் அடுத்ததுக்குப் போகணும்.

சரி, மோட்டார் ரூமுக்கு வர்றேன். மருமகன் பாட்டிலைத் திறந்தான். முதல் வாயிலேயே, "மாமா, 91 சரிதானா?"ன்னான். "பொறுடா, அதுவே சொல்லும்"னேன். வீட்டுல இருந்து கொண்டு வந்த வறுத்த நிலக்கடலை இருந்தது. அவன் வேலை மாத்தப் போறதைப் பத்திச் சொன்னான். அவங்க அம்மாகிட்ட இன்னும் சொல்லலையாம். ஒரு மணி நேரத்துக்கு மேல ஆயிருக்கும், ஆளுக்கு ஒரு டம்ளர்தான் ஆச்சு. ஒயின் நல்லாத்தான் இருந்தது. கடைசி வாய் முதல் வாயைவிட நல்லா இருந்தது. மிச்சத்தை மூடி வெச்சோம். எந்த ஊர்த் திராட்சைன்னு லேபில்ல தேடினோம். ஆலை பேர் இருந்தது, 91 இருந்தது, விளைவிச்சவன் பேர் எங்கயும் இல்ல.

எனக்கு ஒரே ஒரு ஆசைதான். எதை வாங்கினாலும், ஒயினோ திராட்சையோ மாம்பழமோ, எத்தனை மார்க்னு கேட்கிறதுக்கு முன்னாடி எந்த ஊரு, யார் தோட்டம், எப்ப அறுத்ததுன்னு கேளுங்க. வாங்கினதை உக்காந்து பொறுமையா தின்னுங்க. நீங்க ருசி கேட்க ஆரம்பிச்சா வியாபாரியும் ருசி கேட்பார். அப்போ நாங்களும் அந்தப் பத்து நாள் காத்திருக்க முடியும்.

இந்தப் போகம் மேற்குப் பக்கப் பந்தலை மட்டும் கலர் மருந்து இல்லாம விட்டிருக்கேன். ரேட் குறைஞ்சாலும் பரவாயில்லன்னு வீட்டுல சொல்லியாச்சு. பழம் வந்ததும் என்ன ஆச்சுன்னு எழுதுறேன்.