ஊர் சொல்வதா நன்னடத்தை?

சிறைப் பதிவேடுகளில் இருக்கும் சாதிக் கட்டத்தை நீக்க வேண்டும் என்று, சுகன்யா சாந்தா தொடுத்த வழக்கில் 2024 அக்டோபர் 3 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வரவேற்றோம். ஆனால் ஒருவர் சிறைக்குப் போவதா வீட்டுக்குப் போவதா என்று முடிவாகும் இடத்திலேயே சாதி நுழைகிறதே, அதை எப்போது பேசப்போகிறோம்? நன்னடத்தை அலுவலரின் அறிக்கையைத்தான் சொல்கிறேன்.

1958ஆம் ஆண்டின் குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டம் நல்ல சட்டம். மரண தண்டனைக்கோ ஆயுள் தண்டனைக்கோ உரிய குற்றமாக இல்லாவிட்டால், குற்றவாளியைச் சிறைக்கு அனுப்பாமல் நன்னடத்தைப் பிணையில் விடலாம் என்கிறது. 21 வயதுக்குட்பட்டவரென்றால், அலுவலரின் அறிக்கையை நீதிமன்றம் கேட்டே ஆகவேண்டும். அவரது குணம் எப்படி, வீட்டுச் சூழல் எப்படி என்று அலுவலர் விசாரித்து எழுத வேண்டும்.

யாரிடம் விசாரிப்பது? நம் கிராமங்களில் பேருந்து நிற்பது ஊரில். டீக்கடை இருப்பது ஊரில். காலனி அதைத் தாண்டி. காலனிப் பையனைப் பற்றி ஊரில் கேட்டால் என்ன சொல்வார்கள்? நிமிர்ந்து நடந்தால் திமிர் பிடித்தவன். பண்ணை வேலைக்கு வர மறுத்தால் பொறுப்பில்லாதவன். அம்பேத்கர் படம் போட்ட பனியன் அணிந்தால் வம்புக்காரன். அடங்கிப்போவதற்கு ஊர் வைத்த பெயர் நன்னடத்தை. அதுவே அரசு முத்திரையோடு நீதிபதியின் மேசைக்குப் போகிறது.

அலுவலர்கள் எல்லாரும் சாதி வெறியர்கள் என்று சொல்லவில்லை. நேர்மையான அலுவலருக்கும் முதலில் கேட்பது ஊரின் குரல்தான். அவர் தேடிப் போனால்தான் சேரியின் குரல் கேட்கும்.

சட்டத்தின் 4ஆம் பிரிவு இன்னொன்றும் கேட்கிறது. குற்றவாளிக்கோ பிணை நிற்பவருக்கோ நிலையான இருப்பிடமோ ஒழுங்கான தொழிலோ இருக்க வேண்டுமாம். செங்கல் சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் ஊர் ஊராகப் போகும் குடும்பம் எதைக் காட்டும்? பட்டா இல்லாமல் புறம்போக்கில் குடியிருப்பவர் எதைக் காட்டுவார்? நிலம் சேராமல் பார்த்துக்கொண்ட சமூகமே நிலையான முகவரி எங்கே என்று கேட்கிறது.

இதையெல்லாம் மறுத்துப் பேசலாமென்றால், 7ஆம் பிரிவின்படி அறிக்கை ரகசியம். நீதிமன்றம் விரும்பினால் அதன் சாரத்தைச் சொல்லலாம், மறுக்க வாய்ப்பும் தரலாம். விரும்பாவிட்டால், தன்னைப் பற்றி யார் என்ன சொன்னார்கள் என்று தெரியாமலே ஒருவர் சிறைக்குப் போவார்.

நம் கோரிக்கைகள் மூன்று. விசாரணை அவரவர் தெருவில், அவரோடு வாழ்பவர்களிடம் நடக்க வேண்டும். யாரிடம் கேட்டார்கள் என்பது அறிக்கையில் இருக்க வேண்டும். அதன் சாரத்தைச் சொல்வதும் மறுக்க வாய்ப்பளிப்பதும் கட்டாயமாக வேண்டும்.

குற்றத்தை மறந்துவிடுங்கள் என்று நாம் கேட்கவில்லை. சட்டம் தரும் இரண்டாவது வாய்ப்புக்கு ஊரின் சிபாரிசு எதற்கு என்று கேட்கிறோம்.