மோட்டார் தீயும் தலைவிதியும்

சென்ற வாரம் ஒரு டீக்கடைப் பெஞ்சில் நாம் உட்கார்ந்திருந்தபோது, சாலையில் ஒரு கார் தீப்பற்றி எரிந்த சேதியைப் பற்றிப் பேச்சு வந்தது. ஒரு பெரியவர், "அவன் நேரம் முடிந்தது, போய்விட்டான். வண்டி ஒரு சாக்கு, அவ்வளவுதான்" என்றார். பக்கத்திலிருந்த வாலிபர், "பெட்ரோல் டாங்கி என்றால் சும்மாவா? அது வெடிகுண்டு. சினிமாவில் பார்த்ததில்லையா?" என்றார். பெரியவர் விதியை நம்புகிறார். வாலிபர் சினிமாவை நம்புகிறார். இருவரில் ஒருவராவது வண்டியின் அடியில் குனிந்து பார்த்தவரல்ல.

நாமும் கல்லூரிப் படிப்புப் படித்தவரல்ல. ஆனாலும் புஸ்தகத்தைப் புரட்டவும், தெரிந்தவனைக் கேட்கவும் யாரும் நம்மைத் தடுக்கவில்லை. அப்படித் தெரிந்துகொண்டதைத்தான் இங்கு எழுதுகின்றோம்.

பெட்ரோல் திரவமாக இருந்துகொண்டு எரிவதில்லை. அதிலிருந்து கிளம்பும் ஆவிதான் எரிகிறது. அந்த ஆவிக்கும் காற்று வேண்டும், பொறி வேண்டும். காற்றும் ஆவியும் கலந்த கலவையில், நூறு பங்கிற்கு ஏறக்குறைய ஒன்றரைப் பங்கு முதல் ஏழரைப் பங்கு வரை ஆவி இருந்தால்தான் தீப்பற்றும். குறைந்தாலும் பற்றாது, மிஞ்சினாலும் பற்றாது. பெட்ரோல் உள்ள டாங்கிக்குள்ளே சாதாரணமாய் ஆவி மிகுந்தும் காற்று குறைந்தும் கிடப்பதால், உள்ளே தீப்பிடிப்பது சுலபமல்ல. ஆகவே, ஒரு குண்டு பட்டதும் கார் வானத்தில் பறப்பது சினிமாக்காரன் வைத்த மருந்தின் குணமே ஒழிய பெட்ரோலின் குணமல்ல.

அப்படியானால் பயமே வேண்டியதில்லையா என்று கேட்கலாம். வேண்டும், ஆனால் பயப்படவேண்டிய இடம் வேறு. டாங்கி கிழிந்தோ, குழாய் பிடுங்கிக்கொண்டோ பெட்ரோல் வெளியே கொட்டுவதுதான் ஆபத்து. பூஜ்யத்திற்குக் கீழே நாற்பது டிகிரிக் குளிரிலேயே தீப்பற்றுவதற்கு வேண்டிய ஆவியை அது விடுமென்றால், நம் ஊர் வெயிலில் சொல்ல வேண்டுமா? அந்த ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனம். மேலே போய்க் கலையாமல் தரையோடு தவழ்ந்து, பள்ளத்தில் தங்கி, தூரத்தில் கிடக்கும் ஒரு பீடித் துண்டைப் போய்த் தொடும். தொட்டதும் தீ வந்த வழியே திரும்பி ஓடிவரும்.

இன்னொரு சங்கதி. நிறைந்த டாங்கியைவிடக் காலி டாங்கியே பட்டறைக்காரனுக்கு எமன். பெட்ரோல் வடிந்துவிட்டாலும் ஆவி உள்ளே இருக்கிறது. போன பெட்ரோலுக்குப் பதிலாகக் காற்றும் புகுந்துகொள்கிறது. அதில் வெல்டிங் நெருப்பு பட்டால், அப்போதுதான் உண்மையிலேயே வெடிக்கும். நமக்குத் தெரிந்த ஒரு பட்டறையில், "காலி டாங்கிதானே" என்று பற்றவைக்கப் போன ஒரு தொழிலாளி இரண்டு கண்களையும் இழந்தார். பட்டறைக்காரர் மறுநாள் பூசணிக்காய் உடைத்தார். ஆனால் டாங்கியை எப்படிச் சுத்தம் செய்து ஆவியைப் போக்கவேண்டுமென்பதை அதன் பிறகும் அவர் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை. பூசணிக்காய்க்குச் செலவழித்த காசு யாருடைய கண்ணைக் காப்பாற்றும் என்று கேட்கின்றோம்.

நிற்க. விதி, விதி என்கிறார்களே, அதை விதிப்பவன் யார் என்பதற்கு அமெரிக்காவில் நடந்த ஒரு சங்கதி நல்ல திருஷ்டாந்தமாகும். ஃபோர்டு கம்பெனியார் 1970-ல் பிண்டோ என்ற சிறிய காரை விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள். அதன் பெட்ரோல் டாங்கி பின் அச்சுக்கும் பின்புறத் தடுப்புக்கும் நடுவில் வைக்கப்பட்டிருந்தது. பின்னாலிருந்து ஒரு வண்டி மோதினால் டாங்கி முன்னால் தள்ளப்படும். அச்சின்மேல் நீட்டிக்கொண்டிருந்த போல்ட்டுகள் அதைக் குத்தும். பெட்ரோல் ஊற்றும் குழாயும் பிடுங்கிக்கொண்டு வரும். இது அவர்களுக்குத் தெரியாததல்ல. மணிக்கு 21 மைல் வேகச் சோதனையிலேயே டாங்கி பொத்துக்கொண்டதென்று கோர்ட்டில் வெளியாயிற்று. வண்டி ஒன்றுக்கு 15 டாலர் 30 சென்ட் செலவில் சில திருத்தங்கள் செய்திருந்தால், 34 மைல் வேகத்திற்கு மேலும் டாங்கி தாங்கியிருக்கும் என்பதும் வெளியாயிற்று.

1972-ல் கலிபோர்னியாவில் ஒரு பிண்டோ நடுச்சாலையில் நின்றுபோக, பின்னால் வந்த கார் மோதித் தீப்பற்றியது. ஓட்டி வந்த அம்மாள் செத்தார். கூட வந்த 13 வயதுப் பையன் உடலெல்லாம் வெந்து பிழைத்தான். 1978-ல் ஜூரிகள், நஷ்டஈடு போக, கம்பெனிக்குத் தண்டனையாகவே பன்னிரண்டரைக் கோடி டாலர் விதித்தார்கள். நீதிபதி அதை 35 லட்சமாகக் குறைத்தார். அப்பீலிலும் 1981-ல் அது உறுதியாயிற்று. 1978 ஜூனில் கம்பெனியார் 15 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்தார்கள். செய்த ரிப்பேர் என்ன? டாங்கிக்கும் அச்சுக்கும் நடுவில் ஒரு பிளாஸ்டிக் மறைப்பும், பிடுங்கிக்கொள்ளாத நீண்ட குழாயும்! இவ்வளவுதான் விதியை மாற்றுவதற்கு ஆன சரக்கு.

அந்த அம்மாளின் விதி எந்த ஏட்டில் எழுதப்பட்டிருந்தது? படம் வரைகிற மேஜையில் எழுதப்பட்டிருந்தது. தலையில் எழுதினவனை யாரும் கோர்ட்டுக்கு இழுக்கமுடியாது. மேஜையில் எழுதினவனை இழுக்கமுடியும், இழுத்தார்கள். ஆகவே விபத்துக்கு விதி என்று பெயரிட்டால் லாபம் யாருக்கு என்பதை வாசகர்களே யோசித்துக்கொள்ளட்டும்.

இங்கே ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்லவேண்டும். இந்தக் கார் சம்பந்தமாய் ஒரு கணக்குக் காகிதம் பிரசித்தம். 180 பேர் தீயில் சாவதைத் தடுத்தால், தலைக்கு 2 லட்சம் டாலர் வீதம், காயமும் வண்டியும் சேர்த்து, 4 கோடி 95 லட்சம் லாபம். தடுக்க வண்டிக்கு 11 டாலர் வீதம் 13 கோடி 70 லட்சம் செலவு. ஆகவே வேண்டியதில்லை என்பது அதன் சாரம். இது பிண்டோவில் பின்னால் மோதுவதைப் பற்றி எழுதப்பட்டது என்று பலரும் எழுதுகிறார்கள். அது சரியல்ல. அமெரிக்காவில் ஓடும் எல்லாக் கம்பெனி வண்டிகளும் கவிழும்போது பெட்ரோல் கசிவதைப் பற்றி, சர்க்கார் இலாகாவுக்கு எழுதப்பட்டது அது. 2 லட்சம் என்ற விலையும் அந்த இலாகா போட்டதே. அதுபோலவே, 1977-ல் ஒரு பத்திரிகை 500 பேருக்குக் குறையாமல் வெந்து செத்தார்கள் என்று எழுதிற்று. மறு வருஷம் இலாகா விசாரித்துக் கண்ட சாவு 27. இந்தியானா மாகாணத்தில் இன்னொரு விபத்துக்காகக் கம்பெனியின்மேல் போட்ட கிரிமினல் கேஸில், 1980-ல் குற்றமில்லையென்றே தீர்ப்பாயிற்று.

இதையெல்லாம் சொன்னால் நம் வாதம் பலவீனப்படாதா என்று சில தோழர்கள் வருத்தப்படலாம். எதிரியின் புராணத்தை மட்டும் சோதித்து, நமக்குப் பிடித்த புராணத்தைச் சோதிக்காமல் விட்டால் அதற்குப் பகுத்தறிவு என்று பெயரா? 27 என்பது குறைந்த எண்ணல்ல. 15 டாலரில் தப்பியிருக்கக்கூடிய ஒரே ஒரு உயிர் போதும், கேள்வி கேட்பதற்கு. அப்படிக் கேள்வி கேட்டதன் பலனாகத்தான், பின்னால் மணிக்கு 30 மைலில் மோதினாலும் பெட்ரோல் அளவுக்குமேல் கசியக்கூடாது என்ற சட்டம் 1977-ம் வருஷக் கார்கள் முதல் அந்நாட்டில் அமுலுக்கு வந்தது. மணியடித்துச் சாமி கும்பிட்டதால் வந்ததல்ல.

ஆகவே தோழர்களே, புது வண்டி வாங்கினால் எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்தில் நசுக்குவதற்குமுன், டாங்கி எங்கே இருக்கிறது, குழாய் எப்படிப் போகிறது என்று குனிந்து பாருங்கள். பெட்ரோல் வாடை வந்தால் நாளைக்குப் பார்க்கலாம் என்று விடாதீர்கள். பெட்ரோல் போடும்போது எஞ்சினை நிறுத்துங்கள். பாட்டிலிலும் பிளாஸ்டிக் குடத்திலும் பெட்ரோல் வாங்கி வண்டிக்குள்ளோ, அடுப்பங்கரையிலோ வைக்காதீர்கள். பெட்ரோல் தீயில் தண்ணீரை ஊற்றாதீர்கள். பெட்ரோல் தண்ணீரின்மேல் மிதந்து தீயையும் கூட்டிக்கொண்டு பரவும். மணலைப் போடுங்கள். வண்டி எரிந்தால், சாமானை எடுக்கத் திரும்பி ஓடாமல் ஆட்களை இறக்கிவிட்டுத் தூரப் போங்கள்.

அடுத்த தடவை டீக்கடையில் யாராவது "அவன் விதி" என்றால், "டாங்கி எங்கே பொத்தது, ஏன் பொத்தது?" என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். பதில் தெரியாவிட்டால், போய்ப் பார்க்கச் சொல்லுங்கள்.