வன்னிப் பாடசாலைகள்: பெறுபேற்றுப் பட்டியலில் இல்லாத கணக்கு

க.பொ.த. சாதாரண தரப் பெறுபேறு வெளியானதும் முகநூல் முழுக்க 9ஏ படங்கள்தான். கூடவே, எங்கள் ஊர்ப் பாடசாலை ஏன் பின்தங்கியது என்ற விசாரணையும் தொடங்கிவிடும். பழி பெரும்பாலும் அதிபர் மீதும் ஆசிரியர் மீதுமே விழும். நானும் ஆசிரியன் என்பதால் இதைச் சொல்லவில்லை. கணக்கே பிழையாகப் போடப்படுகிறது.

கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ். பல்கலைக்கழகப் பொறியியல் பீடம் இருக்கிறது. ஏ-9 வீதியால் வடக்கே வந்தால் பரந்தன், அதைத் தாண்டி ஆனையிறவு. தூரம் அதிகமில்லை. ஆனால் 1ஏபி பாடசாலையில் மட்டுமே உயர்தர விஞ்ஞான, கணிதப் பிரிவுகள் உண்டு. 1சி என்றால் கலையும் வர்த்தகமும்தான். வகை 2 பாடசாலை தரம் 11 உடன் முடிந்துவிடும். வீட்டருகே எந்த வகைப் பாடசாலை இருக்கிறது என்பதே பிள்ளையின் பாதையில் பாதியைத் தீர்மானித்துவிடுகிறது.

பல்கலைக்கழக அனுமதியில் கலைப்பிரிவு தவிர்ந்த பெரும்பாலான கற்கைநெறிகளுக்கு 40 வீதம் திறமை, 55 வீதம் மாவட்டம், 5 வீதம் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு. கிளிநொச்சியும் முல்லைத்தீவும் அந்தப் பதினாறில் அடங்கும். நல்ல ஏற்பாடு, மறுக்கவில்லை. ஆனால் அளவுகோல் மாவட்டத்தோடு நின்றுவிடுகிறது. ஆய்வுகூடமும் தனியார் வகுப்பும் உள்ள நகரப் பிள்ளையும், பேருந்துக்குக் காத்து நிற்கும் கிராமப் பிள்ளையும் ஒரே வெட்டுப்புள்ளிக்கே போட்டியிடுகிறார்கள். பெயர்பெற்ற பாடசாலைக்கு இலண்டனிலும் ரொறன்ரோவிலும் பழைய மாணவர் சங்கம் இருக்கிறது. அதி கஷ்டப் பிரதேசப் பாடசாலைக்கு யார் இருக்கிறார்கள்?

எமது சமூகத்துக்கு இதில் இன்னொரு முடிச்சும் உண்டு. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டவர்களில் ஒரு பகுதியினரே நாச்சிக்குடா, நீராவிப்பிட்டி போன்ற ஊர்களுக்குத் திரும்பினர். ஆசிரியர் ஒதுக்கீடோ மாணவர் தொகையைப் பார்த்தே நடக்கிறது. பிள்ளைகள் குறைவு என்றால் பாட ஆசிரியரும் குறைவு. அதைக் காணும் பெற்றோர் பிள்ளையைப் புத்தளத்திலேயே படிக்க விட்டுவிடுகிறார்கள். அடுத்த வருடம் தொகை இன்னும் குறைகிறது. ஊக்கமூட்டும் கருத்தரங்குகளால் இந்தச் சுழல் அறுபடாது.

சிறிய பாடசாலைகளுக்குத் தலைக்கணக்கை விட்டு, பாடத்துக்கு ஓர் ஆசிரியர் என்ற அடிப்படையில் ஒதுக்கும்படி மாகாணக் கல்வித் திணைக்களத்திடம் எமது பள்ளி நிர்வாகங்களும் பாடசாலை அபிவிருத்திச் சங்கங்களும் எழுத்தில் கேட்க வேண்டும். பெறுபேற்றோடு ஒவ்வொரு பாடசாலையிலும் கணிதம், விஞ்ஞானம், ஆங்கிலத்துக்கு அந்த வருடம் எத்தனை மாதம் ஆசிரியர் இருந்தார் என்பதையும் வலயக் கல்விப் பணிமனைகள் வெளியிடட்டும். அதற்குப் பிறகு அதிபரை விசாரிப்போம்.