"அதே ஃபேக்டரி சரக்கு" என்னும் பொய்

சென்னை ஜி.பி. ரோடானாலும் டெல்லி கரோல் பாகானாலும், மோட்டார் சைக்கிளுக்குச் சாமான் வாங்கப் போகிறவர் காதில் விழும் வாக்கியம் ஒன்று உண்டு: "கம்பெனிக்குப் போறதும் இதே ஃபேக்டரி சரக்குதான் சார், பெட்டி மட்டும்தான் வேற." சீனாவிலிருந்து வந்திறங்கும் பெயரில்லாத பிரேக் பேடும் பேரிங்கும் கார்புரேட்டரும் இந்தச் சொல்லின் பலத்தில்தான் விற்கின்றன. பழைய புல்லட்டைப் பிரித்துப் புதிதாகக் கட்டும் இளைஞர் இதை நம்புகிறார். வண்டியை நம்பிப் பிழைக்கும் டெலிவரி ஊழியரும் நம்புகிறார். உயிரோடு விளையாடும் நம்பிக்கை இது.

பழி சீனாவின் மீதல்ல. பி.எம்.டபிள்யூவின் சி 400 ஸ்கூட்டரைத் தயாரித்துத் தருவதே சோங்சிங் நகரத்து லோன்சின் நிறுவனம்தான்.

வியட்நாமில் நடந்ததைப் பார்த்தால் விஷயம் இன்னும் தெளிவாகும். 2000ஆம் ஆண்டு வாக்கில் ஹோண்டா ட்ரீமை அப்படியே நகலெடுத்த சீன வண்டிகள், அதன் விலையில் மூன்றில் ஒரு பங்குக்கு அங்கே வந்து குவிந்தன. ஹோண்டாவின் விற்பனை ஆட்டம் கண்டது. 2001இல் அந்த நிறுவனம் எடுத்த முடிவு பலரை வியக்க வைத்தது: தன் வண்டிகளை நகலெடுத்துக்கொண்டிருந்த சன்டிரோ என்ற நிறுவனத்துடனேயே சீனாவில் கூட்டுச் சேர்ந்தது. மறு ஆண்டே சீன உதிரிபாகங்களையும் சேர்த்துக் கட்டிய வேவ் ஆல்ஃபாவை, ட்ரீமின் விலையில் பாதிக்கும் குறைவாக வியட்நாமில் இறக்கியது. நகல் வண்டிகள் சீக்கிரமே பேர் கெட்டுப்போக, வேவ் ஆல்ஃபா நிலைத்தது. இரண்டிலும் சீனச் சாமான் இருந்தது. ஆனால் ஹோண்டா தன் வரைபடத்தைக் கொடுத்து, தன் சோதனையில் தேறியதை மட்டுமே வண்டியில் ஏற்றியது. கடைக்காரர் சொல்லாமல் விடுவது இந்தச் சோதனையைத்தான்.

ஒரு பேரிங்கை எடுத்துக்கொள்வோம். நல்ல பேரிங் சுமார் 1.5 சதவீதம் குரோமியம் கலந்த எஃகில் செய்யப்படுகிறது. சரியான சூட்டில் பதப்படுத்தினால்தான் அதற்குக் கடினம் வரும். பதம் தவறியதைக் கண்ணால் பார்த்தோ கையால் சுழற்றியோ கண்டுபிடிக்க முடியாது. இன்ஜினுக்குள் போகும் பேரிங்குகள் பலவற்றில் எண்ணுக்குப் பின்னால் 'சி3' என்று இருக்கும். சூட்டில் உள்வளையம் விரியும்போது குண்டுகள் இறுகிவிடாதபடி உள்ளே கூடுதல் இடைவெளி விட்டிருக்கிறது என்று அதற்குப் பொருள். அந்த இரண்டெழுத்தைப் பொறிக்க லேசர் இயந்திரம் போதும். அந்த இடைவெளியைக் கொண்டுவர நுட்பமான அளவீடு வேண்டும். உலகப் புகழ்பெற்ற எஸ்.கே.எஃப். நிறுவனமே போலிகளின் தொல்லை தாங்காமல், தன் சரக்கைச் சரிபார்த்துக்கொள்ள ஒரு செயலி வெளியிட்டிருக்கிறது.

பிரேக் பேடில் நிலைமை இன்னும் மோசம். 'எச்எச்' என்ற முத்திரையில் முதல் எழுத்து குளிர்ந்த நிலையிலும் இரண்டாம் எழுத்து சூடேறிய பிறகும் பேடுக்கு உள்ள உராய்வைக் குறிக்கும். ஊருக்குள் மெதுவாக ஓட்டிப் பார்த்தால் மோசமான பேடும் நன்றாகத்தான் பிடிக்கும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில், பின்னால் ஆளை உட்கார வைத்து இறங்கும்போதுதான் இரண்டாம் எழுத்து உண்மையா என்று தெரியும். ஐரோப்பாவின் ஆர்90 விதி, மாற்றுப் பேடின் திறன் அசலிலிருந்து 15 சதவீதத்துக்கு மேல் விலகக் கூடாது என்கிறது. உராய்வுப் பொருள் இரும்புத் தகட்டிலிருந்து பிய்ந்து வருகிறதா என்றும் சோதிக்கச் சொல்கிறது. பெயரில்லாத பெட்டிக்குள் இருப்பதை யார் சோதித்தார்கள்?

கார்புரேட்டர் நகல்களிலும் இதே கதைதான். பெட்ரோலை அளந்து விடும் ஜெட்டில் பொறித்த எண் ஒன்று, துளை அதைவிடச் சிறியது என்றால், பெட்ரோல் குறைந்து பிஸ்டன் சூடேறும்.

"அதே ஃபேக்டரி" என்ற பேச்சில் உண்மை அறவே இல்லை என்று சொல்ல முடியாது. வண்டி நிறுவனங்களுக்குச் செயின் கொடுக்கும் கோவை எல்.ஜி. பாலகிருஷ்ணன் நிறுவனம், ரோலான் என்ற சொந்தப் பெயரிலும் விற்கிறது. மலிவு தேடுகிறவர் போக வேண்டிய வழி இதுதான். அங்கே தயாரித்தவர் தன் பெயரை வெளிப்படையாகப் போட்டுக்கொள்கிறார். பழுது வந்தால் கேட்க ஆள் இருக்கிறது. மிரர், ஹேண்டில் கிரிப், சீட் கவர் போன்றவற்றை எவ்வளவு மலிவாக வாங்கினாலும் பெரிய கேடில்லை. வண்டியை நிறுத்துகிற, தாங்குகிற, திருப்புகிற சாமான்கள் அப்படியல்ல. செயின் அறுந்து முன் ஸ்ப்ராக்கெட்டில் சிக்கினால் இன்ஜின் கேஸ் உடையும், சக்கரம் பூட்டிக்கொள்ளும். மிச்சம் பிடித்த சில நூறு ரூபாயை அதன்பின் யாரும் எண்ணிப் பார்க்கப்போவதில்லை.

ஆகவே பிரேக் பேடோ பேரிங்கோ செயினோ மாற்றும்போது பெட்டியைக் கையில் வாங்கிப் பாருங்கள். தயாரிப்பாளர் பெயரும் முகவரியும் தொகுதி எண்ணும் இல்லையென்றால் திருப்பிக் கொடுங்கள். "எல்லாம் ஒன்றுதான்" என்று கடைக்காரர் சாதித்தால், எந்த ஃபேக்டரி என்று பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள்.